சும்மாட்டின் இரண்டு குளிர்காலங்கள்: பந்து மலைப்பாம்பு ஒன்றின் உணவு மறுப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

டொராண்டோவின் கிழக்குப் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஏழாவது தளத்தில் நான் வளர்க்கும் ஆண் பந்து மலைப்பாம்பு, 2022 அக்டோபர் 23 அன்று ஓர் எலியை விழுங்கியது. அடுத்த எலியை 2023 மார்ச் 19 அன்றுதான் விழுங்கியது. இடையில் 147 நாட்கள். அதற்கடுத்த குளிர்காலத்திலும் அது பட்டினி கிடந்தது. ஆனால் 112 நாட்கள்தான். வெளிப்பார்வைக்கு இரண்டு பட்டினிகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்த எடையையும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபோதுதான், முதல் பட்டினியில் பாம்பினுடைய பருவத்தோடு என் வீட்டுக் குளிரும் கலந்திருந்தது என்பதும், இரண்டாவதில் பாம்பின் பருவம் மட்டுமே இருந்தது என்பதும் புலப்பட்டன. நான் கால்நடை மருத்துவன் அல்லன், பாம்பு வளர்ப்பவன். ஆகவே இங்கே எழுதுவது ஒரே ஒரு விலங்கைப் பற்றிய பதிவு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

விலங்கும் இருப்பிடமும்

பைத்தான் ரீஜியஸ் என்று அறிவியலில் வழங்கும் இந்த இனம் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் தொடங்கி நடு ஆப்பிரிக்கா வழியாக உகாண்டா வரை பரவியிருக்கிறது. கானா, டோகோ, பெனின் ஆகிய மூன்று நாடுகளிலிருந்துதான் உலகச் செல்லப்பிராணிச் சந்தைக்கு இது பெருமளவில் ஏற்றுமதியாகிறது. பிரிட்டனில் இதை ராயல் பைத்தான் என்பார்கள். வட அமெரிக்காவில் பால் பைத்தான். மிரண்டால் தலையை நடுவில் பொதிந்துகொண்டு பந்தாகச் சுருண்டுவிடும் என்பதால் வந்த பெயர் அது. தமிழில் எழுதும்போதுதான் வில்லங்கம். பாம்பு ஒரு மாதமாக ஒன்றும் தின்னவில்லை என்று மதுரைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "பால் வச்சுப் பாத்தியாப்பா? பேரே பால்னுதான சொன்ன?" என்றார் அம்மா. பாம்பின் உணவில் பாலுக்கு இடமே இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் அழைப்பு அட்டையில் காசு தீர்ந்துவிட்டது.

சுருண்டு கிடக்கையில் தலையில் பாரம் சுமப்பவர்கள் வைத்துக்கொள்ளும் சும்மாட்டைப் போலவே இருக்கும் என்பதால் எங்கள் வீட்டில் இதற்குச் சும்மாடு என்று பெயர். 2020ஆம் ஆண்டு கோடையில் ஒன்டாரியோவிலேயே முட்டையிலிருந்து வெளிவந்தது. இரண்டு வயது தாண்டியிருந்த அந்த 2022 அக்டோபரில் பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை, 60 முதல் 70 கிராம் எடையுள்ள, உறையவைத்துப் பின் வெதுவெதுப்பாக்கிய எலி ஒன்றைத் தவறாமல் வாங்கிக்கொண்டிருந்தது. நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி, கம்பி வலை மூடி, வெப்பக் கோடியில் ஒன்றும் குளிர்ந்த கோடியில் ஒன்றுமாகப் பாம்பு பதுங்கிக்கொள்ள இரண்டு ஒளிவிடங்கள், உடலை முழுக்க அமிழ்த்திக்கொள்ளும் அளவுக்குத் தண்ணீர்க் கிண்ணம், தரையில் மரச்சீவல். சூட்டுக்குத் தொட்டியின் அடியில் ஒட்டிய ஹீட் மேட் என்னும் மின்சூட்டு விரிப்பு. அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனை, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் செருகப்பட்டிருந்தது. இந்தக் கடைசி விவரம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

முதல் குளிர்காலம்: பதற்றத்தில் செய்தவை

நவம்பர் 6 அன்று நீட்டிய எலியைச் சும்மாடு கண்டுகொள்ளவில்லை. அன்றைய எடை 1,180 கிராம். முந்தைய வாரத்தைவிட 38 கிராம் குறைந்திருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டேன். தொட்டியின் மூலையைக் கிளறியபோது அந்த 38 கிராமின் பெரும்பகுதி கழிவாகவும் பாம்பின் சிறுநீர்க் கழிவான வெண்கட்டி யூரேட்டாகவும் அங்கே கிடந்தது. கடைசி இரையின் மிச்சம் வெளியேறிய பிறகு எடுத்த எடையைத்தான் பட்டினிக் கணக்கின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு நான் செய்தவற்றில் பெரும்பாலானவை தவறுகள். பதினான்கு நாள் இடைவெளியைக் கைவிட்டு நான்கு நாட்களுக்கு ஒருமுறை எலியை நீட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒளிவிடத்தைத் தூக்கி, தூங்கிக்கொண்டிருந்த பாம்பின் முகத்தருகே இடுக்கியை ஆட்டினேன். எலியின் தலையில் கோழிச் சாறு தடவிப் பார்த்தேன். வெளியே பனி கொட்டத் தொடங்கியபோது, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று மரச்சீவலை இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டேன். டிசம்பர் 4 அன்று, பிராணிக் கடை ஒன்றில் சொன்ன யோசனையைக் கேட்டு உயிருள்ள எலியை வாங்கிவந்து தொட்டிக்குள் விட்டேன். அதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. சும்மாடு பந்தாகச் சுருண்டு தலையை மறைத்துக்கொண்டது. எலி முதலில் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது, பிறகு மரச்சீவலைக் கொறித்தது, நாற்பதாவது நிமிடத்தில் பாம்பின் வாலைக் கொறிக்கத் தொடங்கியது. வாலின் அடிப்பகுதியில் மூன்று செதில்கள் இன்றும் நிறம் மாறிய தழும்பாகவே இருக்கின்றன. இரை எடுக்கும் மனநிலையில் இல்லாத பாம்போடு பல் உள்ள விலங்கை அடைத்து வைப்பதை யோசனை என்றே சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

டிசம்பர் 18 அன்று சட்டை உரித்தது. நலமாக உள்ள பாம்பின் சட்டை, மூக்கிலிருந்து வால்நுனி வரை காலுறையைக் கழற்றியதுபோல ஒரே துண்டாக, கண்களை மூடியிருந்த இரண்டு வட்டச் செதில்களோடு வர வேண்டும். இங்கே வந்தவை ஏழு துண்டுகள். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை ஒட்டியே இருந்தது. இடது கண்ணின் மூடி கழன்று வரவில்லை. விளக்கொளியில் வலது கண் கருமணிபோல் மின்ன, இடது கண் கீறல் விழுந்த கைக்கடிகாரக் கண்ணாடிபோல் மங்கித் தெரிந்தது.

ஜனவரி 7 அன்று ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றேன். வாயைத் திறந்து ஈறுகளைப் பார்த்தார். புண்ணோ சீழோ இல்லை. மூச்சில் சத்தமோ மூக்கில் குமிழோ இல்லை. தாடைக்கு அடியிலும் கண்ணோரங்களிலும் உண்ணி இல்லை. வயிற்றை விரல்களால் வருடியதில் வீக்கம் தட்டுப்படவில்லை. ஒட்டிய கண்மூடியைப் பிய்க்க முயலவே கூடாது, அடியில் இருக்கும் உண்மையான கண்மூடியும் சேர்ந்து பிய்ந்துவிடும் என்று எச்சரித்தார். பிறகு மருந்து எழுதும் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாம்பு படுத்திருக்கும் இடத்தின் சூடு எவ்வளவு?" தெர்மோஸ்டாட் 32 காட்டுகிறது என்றேன். "நான் கேட்டது அதுவல்லவே" என்றார்.

அளந்து பார்த்தபோது

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அகச்சிவப்பு வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு அளந்தேன். தெர்மோஸ்டாட்டின் திரையில் 32 டிகிரி செல்சியஸ். வெப்பக் கோடி ஒளிவிடத்துக்குள் பாம்பின் வயிறு படும் தரையில் 27. குளிர்ந்த கோடியின் தரையில் 20.5. அறைக் காற்று 19. ஈரப்பதம் 24 விழுக்காடு. இந்த இனத்துக்கு வெப்பக் கோடியில் 31 முதல் 33 டிகிரியும், குளிர்ந்த கோடியில் 25, 26 டிகிரியும், 60 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதமும் வேண்டும். அதாவது என் தொட்டியின் மிகச் சூடான இடமே, குளிர்ந்த கோடி இருக்க வேண்டிய அளவைவிட ஒரு டிகிரிதான் கூடுதலாக இருந்தது.

காரணம் விளங்க அதிக நேரம் ஆகவில்லை. உணர்முனை அளந்துகொண்டிருந்தது மேட்டின் சூட்டை. பாம்பு கிடந்த இடத்தின் சூட்டை அல்ல. மேட் 32 டிகிரியைத் தொட்டதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்தச் சூடு கண்ணாடியைத் தாண்டி, நான் இதத்துக்காகக் கூட்டிப் போட்ட மரச்சீவலையும் தாண்டி மேலே வர வேண்டும். மரச்சீவலோ வெப்பத்தைத் தடுக்கும் பொருள். கம்பளியை விரித்துவிட்டு அதன் மேல் பாம்பைப் படுக்கவைத்து, அடியில் இருக்கும் தரையைச் சூடாக்கியதுபோலத்தான் இது. கோடையில் அறையே 26 டிகிரியாக இருந்ததால் இந்தக் கோளாறு வெளித் தெரியவில்லை. குளிர்காலத்தில் நாங்கள் உறங்கப் போகும்போது வீட்டு வெப்பத்தைக் குறைத்துவிடுவோம். தொட்டி இருந்ததோ ஜன்னல் ஓரம்.

ஈரப்பதத்தின் கதை இன்னும் எளிது. வெளியே கழித்தல் 15 டிகிரியில் இருக்கும் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய ஒன்றரை கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அதனால் 18 கிராம் வரை தாங்க முடியும். ஆனால் உள்ளே இருப்பது அந்த ஒன்றரை கிராம் மட்டுமே. சமையல், குளியல், மூச்சு ஆகியவற்றால் சேரும் ஈரத்தையும் கூட்டினாலும் கனடாவின் சூடேற்றிய வீடுகளில் குளிர்காலக் காற்று வறண்டே இருக்கும். நமக்கு உதடு வெடிக்கும். பாம்புக்குச் சட்டை கிழியும். மூடி கம்பி வலையாக இருந்ததால், தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து எழுந்த கொஞ்ச ஈரமும் அறையோடு கலந்து போனது.

அந்த வாரத்தில் செய்த மாற்றங்கள் இவை: தொட்டியை ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றினேன். மரச்சீவலை அள்ளிவிட்டு, செங்கல்லைப் போல் அழுத்தி விற்கும் தேங்காய் நார்த்தூளை ஊறவைத்து, வெப்பக் கோடியில் மெல்லியதாகவும் குளிர்ந்த கோடியில் தடிப்பாகவும் பரப்பினேன்; நாம் ஊரில் கயிறு திரிக்க நார் பிரித்த பிறகு உதறிவிடும் தூளை டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். மேலிருந்து காற்றைச் சூடாக்க, வெளிச்சம் தராத பீங்கான் வெப்பக் குமிழ் ஒன்றை வலைக்கு மேலே பொருத்தி, அதற்குத் தனித் தெர்மோஸ்டாட் வைத்து, உணர்முனையைப் பாம்பின் முதுகு உயரத்தில் கட்டினேன். பீங்கான் குமிழ் காற்றை மேலும் உலர்த்தும் என்பதால், குமிழுக்குக் கீழான பகுதியைத் தவிர வலையின் முக்கால் பாகத்தை அக்ரிலிக் பலகையால் மூடினேன். ஈரப் பாசி நிரப்பிய மூன்றாவது ஒளிவிடம் ஒன்றை நடுவில் வைத்தேன். ஒரு வாரத்தில் அளவுகள் வெப்பக் கோடியில் 32, குளிர்ந்த கோடியில் 25.5, ஈரப்பதம் 62 என்று நிலைத்தன.

எலி நீட்டுவதையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்தேன். சீரான பிறகும் சும்மாடு இரை எடுக்கவில்லை. இந்த நிகழ்வில் நான் மிகவும் யோசித்த இடம் இதுதான். இருப்பிடக் கோளாறுதான் முழுக் காரணம் என்றால், அதைச் சரிசெய்த இரண்டு மூன்று வாரங்களில் பசி திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. ஆனால் மறுக்கும் விதம் அடியோடு மாறியது. டிசம்பரில் பாம்பு இரவும் பகலும் வெப்பக் கோடி ஒளிவிடத்தை விட்டு நகராமல் இறுகச் சுருண்டு கிடந்தது. தொட்டால் சில்லென்று இருக்கும். எலியை நோக்கி நாக்கைக்கூட நீட்டாது. ஜனவரி நடுவிலிருந்து விளக்கணைந்த அரை மணி நேரத்தில் வெளியே வந்து, விடியும் வரை தொட்டியின் நான்கு ஓரங்களையும் சுற்றிக்கொண்டு, மூக்கால் கண்ணாடியின் இணைப்புகளைத் துழாவிக்கொண்டே இருந்தது. ஜனவரி 22 அன்று எலியை நீட்டியபோது நெருங்கி வந்து, மூக்கிலிருந்து வால் வரை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, அலுத்துப்போன மாதிரித் தலையைத் திருப்பிக்கொண்டு தன் ரோந்தைத் தொடர்ந்தது. முன்னது முடங்கிய விலங்கு. பின்னது வேறு வேலையில் இருக்கும் விலங்கு.

எடையும் இதையே சொன்னது. நவம்பர் 6 முதல் ஜனவரி 8 வரையான ஒன்பது வாரங்களில் 1,180 கிராமிலிருந்து 1,121க்கு இறங்கியது. வாரத்துக்கு ஆறரை கிராம். ஜனவரி 8 முதல் மார்ச் 19 வரையான பத்து வாரங்களில் 1,091க்கு இறங்கியது; வாரத்துக்கு மூன்று கிராம். சூடு கூடினால் ஊர்வனவற்றின் உடல் கூடுதலாக எரிபொருளைச் செலவழிக்க வேண்டும்; இரவெல்லாம் அலைவது வேறு. அப்படியிருந்தும் இறக்கம் பாதியாகக் குறைந்ததென்றால், முதல் ஒன்பது வாரங்களில் கரைந்ததில் கணிசமான பங்கு கொழுப்பல்ல, நீர் என்றே கொள்கிறேன்.

மார்ச் 19 அன்று, வழக்கத்தைவிடச் சிறிய, 40 கிராம் எலியை வெந்நீரில் 39 டிகிரி வரை சூடாக்கி நீட்டினேன். பட்டினியில் சுருங்கிய குடல் ஒரேயடியாகப் பெரிய இரையைத் தாங்க வேண்டியதில்லை என்பதால் சிறியது. மேலுதட்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் குழிகள் வழியே இந்தப் பாம்பு இரையின் சூட்டை உணர்வதால், உடல் குளிர்ந்த எலியைக் காட்டிப் பயனில்லை. ஒளிவிடத்தின் வாயில் தலை மட்டும் தெரிந்தது. நாக்கு நீட்டுவது நின்றது. கழுத்து மெல்ல மெல்லப் பின்னுக்கு மடிந்தது. அடுத்து நான் பார்த்தது இடுக்கியின் வெறும் நுனியைத்தான். ஏப்ரல் கடைசியில் சட்டை ஒரே துண்டாக வந்தது. இடது கண்ணில் இரண்டு மூடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கழன்று வந்திருந்தன.

இரண்டாவது குளிர்காலம்

2023 செப்டம்பரிலிருந்தே அளவுகளை நிலையாக வைத்திருந்தேன். உள்சுவருக்கு மாற்றிய தொட்டியில் ஜன்னல் வெளிச்சம் நேராகப் படாது. ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரம் விளக்கெரிந்தது. அப்படியும் அக்டோபர் 29 அன்று எடுத்த இரையோடு சும்மாடு நிறுத்திக்கொண்டது. நவம்பர் 12 அன்று எடை 1,342 கிராம். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மட்டும் நீட்டினேன். வேண்டாமென்றால் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். ஜனவரியில் சட்டை முழுதாக உரிந்தது. 2024 பிப்ரவரி 18 அன்று எலியைப் பிடித்தபோது எடை 1,306. பதினான்கு வாரங்களில் 36 கிராம், அதாவது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. முதல் குளிர்காலத்தில் இழந்தது ஏழரை விழுக்காடு.

விவாதம்

பந்து மலைப்பாம்பு குளிர்காலத்தில் இரையை மறுத்தால் வளர்ப்பவர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "அது இயற்கை, விட்டுவிடு" என்பது ஒன்று. "எதையோ தப்பாகச் செய்கிறாய்" என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதையே சும்மாட்டின் முதல் குளிர்காலம் காட்டுகிறது.

இயற்கை என்பதற்கு ஆதாரம் வலுவானது. கானா, டோகோ, பெனின் பகுதிகளில் இந்த இனம் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை இணை சேர்கிறது. முட்டையிடுவது அடுத்து வரும் வறண்ட மாதங்களில். இணை தேடும் பருவத்தில் வயது வந்த ஆண்கள் இரையைப் புறக்கணிப்பது வளர்ப்பில் நன்கு அறியப்பட்டது. முட்டைகளைச் சுற்றிக்கொண்டு இரண்டு மாதம் கிடக்கும் பெண்ணும் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. பட்டினிக்கு இந்த உடல் தயாராகவும் இருக்கிறது. 2007ல் அமெரிக்காவில் மார்ஷல் மெக்கியூ வெளியிட்ட ஆய்வில், பந்து மலைப்பாம்பு உட்பட மூன்று இனப் பாம்புகளை 24 வாரம் இரையின்றி வைத்தபோது அவை ஓய்வுநிலை வளர்சிதை மாற்ற வேகத்தை 72 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டன. எடை 9 முதல் 24 விழுக்காடு வரை குறைந்தும் நீளத்தில் வளர்ந்தன. இதைப் படித்த பிறகு என் பதற்றம் பாதி அடங்கியது.

ஆனால் "இயற்கை" என்ற சொல்லை என் தொட்டியின் 24 விழுக்காடு ஈரப்பதத்துக்குப் போர்வையாக்க முடியாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து வீசும் ஹார்மாட்டன் காற்று மேற்கு ஆப்பிரிக்காவையும் வறட்டுகிறதே என்று கேட்கலாம். கேட்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: பாம்பு அந்தக் காற்றில் கிடப்பதில்லை. எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் மண்ணுக்கடியில் கிடக்கிறது. அங்கே வெளிக்காற்றின் வறட்சியும் இரவுக் குளிரும் எட்டுவதில்லை. மேலே வறட்சி, உள்ளே ஈரம் என்பதே அதன் இயற்கை. நம் தொட்டியில் அது போய் ஒளிவதற்கு வேறு புற்றில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் ஜன்னலின் குறுகும் பகலை மறைத்த பிறகும் பட்டினி வந்தது கவனிக்கத்தக்கது. இங்கே ஜூனில் பதினைந்தரை மணி நேரமாக இருக்கும் பகல் டிசம்பரில் ஒன்பது மணி நேரமாகச் சுருங்குகிறது. தென் கானாவிலோ ஆண்டு முழுவதும் வேறுபாடு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆகவே சும்மாடு பருவத்தை அறிவது பகலின் நீளத்தால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரவில் அறை ஓரிரு டிகிரி குளிர்வது அதற்கு எட்டியிருக்கலாம். இனப்பெருக்கம் செய்விப்பவர்கள் இரவுச் சூட்டைச் சிறிது குறைத்தே இணை சேரத் தூண்டுகிறார்கள்.

இந்தப் பதிவின் குறையையும் சொல்ல வேண்டும். இரண்டாவது குளிர்காலத்தில் பாம்புக்கு ஒரு வயது கூடியிருந்தது, எடையும் கூடியிருந்தது, நானும் அதைக் குறைவாகத் தொந்தரவு செய்தேன். பட்டினி ஐந்து வாரம் குறைந்ததற்கு இவற்றில் எது எவ்வளவு காரணம் என்பதை ஒரு பாம்பை வைத்துப் பிரிக்க முடியாது. கிழிந்த சட்டைக்கும் வேகமான எடை இழப்புக்கும் இருப்பிடமே காரணம் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

வளர்ந்த, கொழுத்த ஆண் ஒன்றைப் பற்றியதே இது. கையளவுக் குஞ்சு மறுத்தால் காத்திருக்கக் கூடாது. அதன் உடலில் சேமிப்பு இல்லை. எடை பத்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கினாலோ, முதுகெலும்பு மேடாகத் தெரிந்தாலோ, விழுங்கியதைக் கக்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் நூலாக வடிந்தாலோ அது பருவப் பட்டினி அல்ல. மருத்துவரிடம் போக வேண்டியது. கண் வெளுத்துச் சட்டை உரிக்கக் காத்திருக்கும் நாட்களில் மறுப்பதையோ பட்டினிக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் கடைசி ஞாயிறன்று, விடியும் முன்பு, வீட்டில் எல்லாரும் உறங்கும் நேரத்தில், வெப்பமானியை ஒளிவிடத்துக்குள் நீட்டி ஒரு முறை அளந்துவிடுகிறேன். தெர்மோஸ்டாட்டின் திரையை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.